அறப்பாடத்துக்கு ஆள் அனுப்பிய மணியக்காரர்கள்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு நல்ல யோசனையெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போதே வந்துகொண்டிருந்த நாளில், ஒரு ராஜா தலையில் சீயக்காயோடு எழுந்து நின்று, "நம் ஊர் மணியக்காரர்கள் அனைவரும் அறம் கற்க வேண்டும்!" என்றார். ஊர்களில் வரி வசூலிக்கும் அவர்களைப் பற்றி அவ்வளவு புகார் வந்திருந்தது.

அரண்மனை விகடகவி விடங்கனைக் கண்டாலே ஆகாதவர் அமைச்சர் வல்லபராயர். "விடங்கனே கற்பிக்கட்டும், அரசே. ஒருவரும் திருந்தாவிட்டால் அவன் நாட்டை விட்டுப் போகட்டும்" என்றார்.

ராஜா சம்மதித்தார். "பௌர்ணமியன்று கோயில் மண்டபத்தில் அமர்ந்து பாடம் கேட்பவரே இனி மணியக்காரர்" என்று முரசறைவித்தார்.

அன்றே வல்லபராயரின் ஆள் ஊர் ஊராகப் போனான். "தலையை மட்டும்தான் எண்ணுவாங்க. யாரையாவது அனுப்பிடுங்க." மணியக்காரர்களுக்குப் பெரிய நிம்மதி.

பௌர்ணமியன்று மண்டபம் நிறைந்திருந்தது. தலைப்பாகைகள் எல்லாம் மணியக்காரர்களுடையவை. தலைகள் சமையல்காரர்களுடையவை, மாட்டுக்காரர்களுடையவை, பல்லக்குத் தூக்கிகளுடையவை. விடங்கன் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோருக்கும் மோர் கொடுத்தான். சுவாமியைக் கும்பிட்டுவிட்டுப் பாடம் சொன்னான்.

"வாசலுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுங்கள். பிறகு பேரைக் கேளுங்கள். மற்றதை அதற்கப்புறம் பேசலாம்."

"அவ்வளவுதானுங்களா?" என்றார் ஒரு சமையல்காரர்.

"அவ்வளவுதான்."

மறுநாள் சபையில் வல்லபராயர் எழுந்தார். "அரசே, ஒரு மணியக்காரரும் வரவில்லை! வேலைக்காரர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறான். இவன் மூட்டை கட்டட்டும்."

விடங்கன் பணிந்தான். "பாடம் கேட்பவரே மணியக்காரர் என்பது தங்கள் ஆணை, அரசே. கேட்டவர்கள் வெளியே நிற்கிறார்கள். ஆகவே மணியக்காரர்கள் அனைவரும் வந்திருந்தார்கள். பதவிக்குரிய முத்திரை மோதிரங்கள்தான் இன்னும் கைமாறவில்லை."

ராஜா யோசித்துப் பார்த்தார். அப்படித்தான் சொல்லியிருந்தார். சேவகர்கள் ஊர் ஊராகப் போய் மோதிரங்களை வாங்கிவர, அவை கைமாறின.

பின்னாலேயே பழைய மணியக்காரர்கள் ஓடிவந்தார்கள். மனு கொடுக்க வருகிறவர்கள் நிற்கும் முற்றத்தில், வெயிலில் நிறுத்தப்பட்டார்கள். ராஜா மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் நின்றவர் மருதவயல் மணியக்காரர் சங்கரலிங்கம். எதிரே மோதிரத்தோடு உட்கார்ந்திருந்தவர் அவருடைய சமையல்காரர்.

"ஏய், மோதிரத்தைக் கழட்டுடா!"

சமையல்காரர் எழுந்துபோய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தார். "முதல்ல குடிங்க ஐயா. வெயில்ல நின்னிருக்கீங்க."

சங்கரலிங்கம் ஒரே மூச்சில் குடித்தார்.

"உங்க பேரைச் சொல்லுங்க."

"என் பேரு உனக்குத் தெரியாதாடா?"

"தெரியுங்க. ஆனா கேக்கணும்னு பாடம்."

"சங்கரலிங்கம்" என்றவர், செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது தயங்கினார். பல வருஷமாக இந்தக் கை சமைத்ததைத்தான் சாப்பிடுகிறார். 'ஏய்' என்று மட்டுமே கூப்பிட்டிருக்கிறார்.

"ஆமா... உன் பேரு என்னப்பா?"

"மலையாண்டிங்க."

மாடத்தில் விடங்கன் மெல்லச் சொன்னான். "ஒருவர் தேறிவிட்டார், அரசே."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சங்கரலிங்கத்துக்கு மோதிரம் திரும்பியது. பக்கத்தில் அமர்ந்து மனுக் கேட்கும் வேலை மலையாண்டிக்கு. மற்றவர்களுக்கும், தண்ணீர் கொடுத்தவரின் பேரைக் கேட்ட பிறகே மோதிரம் கிடைத்தது. விடங்கனுக்குப் பொற்கிழி கிடைத்தது. அவன் அதில் ஊர்தோறும் மணியக்காரர் வாசலில் வைக்கத் தண்ணீர்ப் பானைகள் வாங்கினான்.

அடுத்த பௌர்ணமிப் பாடம் அமைச்சர்களுக்கு என்று ஆணை பிறந்தது. வல்லபராயர் முதல் ஆளாக வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்தார். தம் சொந்தத் தலையோடு.