ஏரியில் விழுந்த பந்து

நெட்டேரி ஊரில் காலையில் ஏரிக்கரைப் பக்கம் நாலு பேர் ஓடினால் நாய் துரத்துகிறது என்று அர்த்தம். அசையாமல் நின்றால் தாய்ச்சி பழகுகிறார்கள் என்று அர்த்தம். தாய்ச்சி என்பது சீன தேசத்துப் பயிற்சி. ஆமைக்கே பொறுமை போகிற அளவுக்குக் கையையும் காலையும் மெதுவாக அசைக்க வேண்டும். அப்படி அசைத்தால் உடம்புக்குள் சக்தி ஓடும் என்று கேள்வி.

ஒன்பது வருஷமாக அங்கே நின்ற நாலு பேரில் மூத்தவர் தையல்காரர் கோதண்டம். அடுத்தவர் கரைக்குக் கீழே செடிப்பண்ணை வைத்திருந்த மாசிலாமணி. மூன்றாவது, ரேஷன் கடையில் எடை போட்டு ஓய்வு பெற்ற சிங்காரம். நாலாவது நம் பூவராகன். தாலுகா ஆபீசில் முத்திரை குத்தியே காலம் தள்ளிய மனுஷன். அவருக்குப் பொய் சொல்ல வராது. அதுதான் அவருக்கு வினையாக வந்து சேர்ந்தது.

இவர்களுடைய மாஸ்டர் பினாங்கில் முப்பது வருஷம் இருந்துவிட்டுப் பக்கத்து ஊருக்கு வந்து சேர்ந்தவர். வருஷத்துக்கு ஒரு முறை வந்து பார்ப்பார். இந்தத் தடவை முன்னதாகவே ஒரு கடிதம் போட்டுவிட்டார்.

'ஒன்பது வருடம் முடிந்தது. இந்நேரம் உங்கள் உள்ளங்கை சூடாகும். காலில் எறும்பு ஊரும். பாதம் தரையில் வேர் விடும். இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒரு பந்து வந்து நிற்கும், அதை விட்டுவிடாதீர்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு வருகிறேன். இதெல்லாம் தெரிந்தவர் அடுத்த நிலைக்குப் போகலாம். தெரியாதவர் முதல் நாள் பாடத்தை மறுபடி ஆரம்பிக்க வேண்டும், தனியாக.'

அந்தக் கடைசிச் சொல்லைப் பூவராகன் மூன்று தடவை படித்தார். ஒன்பது வருஷத்தில் அவருக்கு முட்டி வலித்திருக்கிறது, கொசு கடித்திருக்கிறது. வேறு எதுவும் தெரிந்ததில்லை. அதைக்கூட அவர் பெரிதாக நினைக்கவில்லை. இந்த மூன்று பேரும் அந்தப் பக்கம் போய்விட, தான் மட்டும் இந்தப் பக்கம் தனியாக நிற்பதை நினைத்தால்தான் அவருக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை கோதண்டம் இரண்டு கைகளையும் ஒரு ஜாண் அகலத்துக்கு விரித்து வைத்தபடி வந்தார்.

"வந்துருச்சுப்பா."

"என்ன வந்துருச்சு?"

"பந்துதான். நேத்து சாயங்காலம் நின்னுக்கிட்டிருந்தேன், கை நடுவுல கும்முனு ஒண்ணு. விடக் கூடாதுன்னு மாஸ்டர் எழுதியிருக்காரே, அப்படியே வச்சிருக்கேன்."

"அப்ப சாப்பாடு?"

"வீட்ல ஊட்டி விட்டாங்க. ரெண்டு திட்டும் விட்டாங்க."

"தூங்கினீங்களா?"

"பந்து மேலயே தலைய வச்சுப் படுத்தேன். தலகாணியெல்லாம் கிட்ட நிக்க முடியாது."

வெள்ளிக்கிழமைக்குள் மாசிலாமணிக்கும் சிங்காரத்துக்கும் ஆளுக்கொரு பந்து வந்துவிட்டது. டீக்கடையில் மூன்று பேருக்கும் கை ஒழியவில்லை. கை ஒழிந்திருந்த ஒரே ஆள் பூவராகன்தான். மூன்று கிளாஸையும் மாற்றி மாற்றி ஊதி, மூன்று வாயிலும் ஊற்றினார். தன்னுடைய டீ ஆறிப்போயிற்று.

"யார் பந்து பெருசு?" என்று டீக்கடைக்காரர் கிளப்பிவிட்டார்.

"பெருசு சின்னது பேச்சே இல்ல. எடைதான் முக்கியம்" என்றார் சிங்காரம். "என்னுது அரைக் கிலோ. முப்பத்திரண்டு வருஷம் தராசு புடிச்ச கை, தப்பாது."

"ரேஷன் கடை அரைக் கிலோவா, நெசமான அரைக் கிலோவா?" என்றார் டீக்கடைக்காரர். சிங்காரம் அடுத்த மடக்கு டீக்கு வாயைத் திறந்தார்.

பூவராகனின் முகம் வாடிக் கிடப்பதைப் பார்த்து மற்றவர்களுக்கு மனசு கேட்கவில்லை. நல்லவர்கள், அதை மட்டும் சொல்லித்தான் ஆக வேண்டும். எறும்பையாவது வரவழைத்துக் கொடுப்போம் என்று கூடிப் பேசினார்கள்.

"எறும்பு ஊரும்னு எழுதினாரு, என்ன எறும்புன்னு எழுதலையே" என்றார் கோதண்டம்.

"கட்டெறும்பா இருக்காது. மாஸ்டர் அவ்வளவு கெட்டவரில்ல" என்றார் மாசிலாமணி.

பூவராகனே வெல்லம் வாங்கிவந்து தன் பாதத்தில் தேய்த்துக்கொண்டு நின்றார். எறும்பு வந்தது. வெல்லத்தைத் தின்றது. தின்ற தெம்பில் பக்கத்தில் நின்ற சிங்காரத்தின் கால் வழியே வேட்டிக்குள் ஏறிவிட்டது. சிங்காரம் குதித்த குதி கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் சொறிவதற்குக் கையை எடுக்கவில்லை. பந்தையும் விடவில்லை.

ஞாயிறு விடிந்தது. மணி ஏழரை. பூவராகன் கண் கலங்கிவிட்டார்.

"அழுவாத" என்றார் கோதண்டம். "என் பந்தை வச்சுக்கோ. மாஸ்டர் வர்றதுக்குள்ள கைக்குப் பழகிடும். அடியில கை குடு. ஆங், மெதுவா."

பூவராகன் மூச்சை அடக்கிக்கொண்டு வாங்கினார். விரல் கொஞ்சம் விலகியது. அவ்வளவுதான்.

"போட்டுட்டியா?" கோதண்டம் அலறினார்.

"சத்தம் கேக்கலையே?" என்றார் சிங்காரம்.

"கேக்கலைன்னா தரையில விழல. ஏரியிலதான் விழுந்திருக்கு" என்றார் மாசிலாமணி.

"ஏரியில விழுந்தாலும் சத்தம் வருமேப்பா."

"பந்து லேசு. பூ மாதிரி விழுந்திருக்கும்."

"அரைக் கிலோ எப்படிய்யா லேசாகும்?"

"உன்னுது அரைக் கிலோ. விழுந்தது அவருது."

கோதண்டமும் பூவராகனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். மற்ற இருவரும் கையில் பந்து இருந்ததால் கரையில் நின்று தாடையால் வழி காட்டினார்கள். நண்பனின் ஒன்பது வருஷ உழைப்பைத் தண்ணீரில் போட்டுவிட்டோமே என்று பூவராகன் புலம்பினார். கைகளை விரித்துத் துழாவிக்கொண்டே போனார். சேற்றில் முழங்கால் வரை இறங்கிவிட்டார். அப்புறம் காலை எடுக்க முடியவில்லை. கெண்டைக் குஞ்சுகள் கூட்டமாக வந்து பாதத்தைக் கொறித்தன. மேலே வெயில் ஏறி, விரித்த உள்ளங்கையில் சுள்ளென்று விழுந்தது.

அந்த நேரம் பார்த்து மாஸ்டரின் மொபெட் கரையில் வந்து நின்றது.

"பூவராகா! உடம்பில் என்ன தெரிகிறது?"

பூவராகன் ஒரு நிமிஷம் யோசித்தார். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"மாஸ்டர், உள்ளங்கை சுடுது! காலெல்லாம் குறுகுறுன்னு ஊருது! ஐயோ, கால் வேர் விட்டுருச்சு மாஸ்டர், அசைக்க முடியல!"

"பந்து?"

"வந்துச்சு மாஸ்டர். நான்தான் போட்டுட்டேன்."

மாஸ்டர் மொபெட்டிலிருந்து இறங்கிக் கும்பிட்டார். "வந்ததை விட்டேன் என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? நீ அடுத்த நிலைக்குப் போய்விட்டாய். மேலே வா!"

கோதண்டம் கைகொடுத்து இழுக்கப் போனார்.

"தொடாதே!" மாசிலாமணி கத்திய கத்தில் கொக்குகள் பறந்தன. "வேர் விட்டதை வெடுக்குனு புடுங்கினா ரெண்டே நாள்ல வாடிடும். மண்ணோட எடுத்துச் சாக்குல கட்டணும். நான் தினம் செய்யற வேலை."

கோதண்டம் ஓடிப்போய்ப் பண்ணையிலிருந்து மண்வெட்டி, சாக்கு, தள்ளுவண்டி எல்லாம் கொண்டுவந்தார். ஆனால் ஒரு ஆளைச் சேற்றோடு தூக்க ஆறு கை வேண்டும். மாசிலாமணியும் சிங்காரமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மாஸ்டரிடம் போய், இந்த அக்குளில் ஒன்று, அந்த அக்குளில் ஒன்று என்று இரண்டு பந்தையும் பத்திரமாக வைத்தார்கள். மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பேசாதீங்க மாஸ்டர், நழுவிடும்" என்றார் சிங்காரம்.

பூவராகனைச் சேற்றுக் கட்டியோடு பெயர்த்து, முட்டி வரை சாக்கு சுற்றிக் கட்டி, வண்டியில் நிறுத்தித் தள்ளிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் அவருக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. வீட்டு வாசலில் இறக்கியபோது அவர் மனைவி கனகவல்லி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இது என்ன கோலம்?"

"பாஸாயிட்டேன் கனகு" என்றார் பூவராகன்.

"நாலு நாள் நிழல்ல வைங்கம்மா" என்றார் மாசிலாமணி. "ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி ஊத்தினாப் போதும். ஆனா உரம் மட்டும் இப்ப வேணாம்."

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் இரண்டு கையும் காலியாக இருப்பது சிங்காரத்துக்கு உறைத்தது. கோதண்டத்தையும் மாசிலாமணியையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடினார். உச்சி வெயிலில் மாஸ்டர் அக்குள் இரண்டையும் அகட்டிக்கொண்டு, வியர்வை சொட்டச் சொட்ட நின்றிருந்தார். ஆனால் இப்போது ஒற்றைக் காலில் நின்றிருந்தார்.

"மாஸ்டர், ஏன் ஒரு காலைத் தூக்கிக்கிட்டு நிக்கிறீங்க?"

"சீக்கிரம் வாங்கிக்கொள் கோதண்டம்" என்றார் மாஸ்டர், உதட்டை அசைக்காமல். "ஏரியில் விழுந்த பந்து பத்து மணிக்கே கரை ஒதுங்கிவிட்டது. கை ஒழியவில்லை, அதனால் காலால் பிடித்து வைத்திருக்கிறேன்."