கலங்கரை விளக்கு டப்பா

சுனைச் சாமியைப் பார்க்க மேலே ஏறி வருகிறவர்கள் பழம் கொண்டு வருவார்கள், இல்லாவிட்டால் மனக்குறை கொண்டு வருவார்கள். அர்த்தநாரி அன்று இரண்டையும் கொண்டு வந்திருந்தார். ஒரு கையில் பேரிக்காய்ப் பை. இன்னொரு கையில் வட்டமான தகர டப்பா. மூடியில் கலங்கரை விளக்கம் ஒன்றின் படம்.

சேர்வராயன் மலையில் காபித் தோட்டங்கள் முடிகிற இடத்தில் ஒரு சுனை. அதன் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு குடில். அங்கே இருப்பவரின் சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது. சுனையருகே இருப்பதால் சுனைச் சாமி. அர்த்தநாரிக்கு எழுபது தாண்டிவிட்டது. கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் காபி எஸ்டேட் ஒன்றில் மேனேஜராகவே இருந்து ஓய்வு பெற்றவர். சாமி அவரைவிட நன்றாகவே இளையவர். 'மேனேஜரய்யா' என்றுதான் கூப்பிடுவார். அர்த்தநாரி தன்னைச் சாமியின் சீடன் என்று வெளியில் சொல்லிக்கொள்வார். சாமி காதிலும் அது விழுந்திருக்கிறது. சிரித்ததோடு சரி.

"வாங்க மேனேஜரய்யா. மூச்சு வாங்குதே. உட்காருங்க."

அர்த்தநாரி உட்கார்ந்தார். டப்பாவைச் சாமியின் முன்னால் வைத்தார். பிராது கொடுக்க வந்தவர் மாதிரி இருந்தது வைத்த விதம்.

"சாமி, என்னை ஏமாத்திட்டாங்க."

"யாரு?"

"கம்பெனிக்காரன். சீமையில இருக்கான். நான் பைப் பிடிக்கிறது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். நீங்க வர்றதுக்கு முன்னாடி உங்க சட்டைப் புகை நெடி வந்துடும்."

அர்த்தநாரி சிரிக்கவில்லை.

"இந்த விளக்கு டப்பாவைத் தவிர வேற புகையிலையை நான் தொட்டதில்லை. வருஷக்கணக்கா இதேதான். போன மழைக்கு முன்னாடி கடைக்காரர் போன் பண்ணினார். சார், இந்தக் கலவையை நிறுத்தறாங்க, இனிமே வராதுன்னார். எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. சேலம், கோயமுத்தூர், மெட்ராஸ், எங்கெங்க இருந்துச்சோ எல்லாத்தையும் வாங்கி அடுக்கிட்டேன்."

"போதுமா?"

"என் காலத்துக்குப் போதும்."

"அப்புறம் என்ன?"

"வாசனை போயிடுச்சு சாமி." அர்த்தநாரியின் குரல் இறங்கியது. "சாயந்திரம் பைப்பைப் பத்த வெச்சதும் ஒரு வாசனை வரும். அத்திப்பழத்தை வெயில்ல காயவெச்ச மாதிரி, பழைய மரப்பெட்டியைத் திறந்த மாதிரி. அது இல்லை இப்போ. நாக்குல காரம் இருக்கு, தொண்டையில புகை இருக்கு. வாசனை மட்டும் இல்லை. நிறுத்தப்போற சரக்குதானேன்னு கடைசியில என்னத்தையோ அள்ளிப் போட்டு அனுப்பிட்டான்."

சாமி டப்பாவைத் திறந்து முகர்ந்தார். அர்த்தநாரியிடம் நீட்டினார்.

"டப்பாவுல இருக்கே."

"டப்பாவுல இருக்கு. காலையில கதவைத் திறந்து உள்ள போனாக்கூட ரூம்ல லேசா இருக்கு. பிடிக்கும்போதுதான் இல்லை."

"எங்க வெச்சிருக்கீங்க?"

இந்தக் கேள்விக்கு அர்த்தநாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இரும்பு பீரோ. வெயில் படாத ரூம். புகையிலை பக்கத்துல இருக்கற வாசனையெல்லாம் இழுத்துக்கும் சாமி. அதனால ரசகற்பூரம் கிடையாது, சோப்பு கிடையாது. அந்த ரூம்லதான் சாமி படமெல்லாம் இருந்துச்சு. ஊதுவத்திப் புகை ஆகாதுன்னு படத்தையெல்லாம் ஸ்டோர் ரூமுக்கு மாத்திட்டேன்."

சாமி வாய்விட்டுச் சிரித்தார்.

"முருகனைக் குடி பேத்துட்டீங்க!"

"பக்கத்து ரூமுக்குத்தானே."

"சரி. முருகன் போனார். வேற யார் போனாங்க?"

அர்த்தநாரி சுனையைப் பார்த்தார். தண்ணீரில் இலை ஒன்று சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"வேற யாரும் இல்லை சாமி. நான் தனி ஆள்."

சாமி பையிலிருந்து பேரிக்காய் ஒன்றை எடுத்து வேட்டியில் துடைத்துக் கடித்தார். சாறு முழங்கை வரை வழிந்தது.

"அடடா. உங்க தோட்டமா?"

"இல்லை. கம்பவுண்டர் தோட்டம்."

"எந்தக் கம்பவுண்டர்?"

"அருமைநாயகம்னு. எங்க எஸ்டேட் டிஸ்பென்சரியில இருந்தவர். என் வீட்டுக்கு மேல வளைவுல இருக்கார்."

"வந்து கொடுத்தாரா?"

"கேட்டுல மாட்டிட்டுப் போயிருக்கார்."

"வீட்டுக்குள்ள வரலையா?"

சாமி டப்பாவின் மூடியைக் கையில் எடுத்துத் திருப்பினார். விளிம்பெல்லாம் கீறலும் நெளிசலுமாக இருந்தது.

"இதை எதால திறந்தீங்க? எலி கடிச்ச மாதிரி இருக்கு."

"ஸ்க்ரூடிரைவரால. எனக்குச் சரியா வரமாட்டேங்குது. கம்பவுண்டர்தான் திறப்பார். பழைய நாலணா ஒண்ணு வெச்சிருப்பார். மூடியோரத்துல நுழைச்சு ஒரு திருகு. உஸ்ஸுனு காத்துச் சத்தம் கேக்கும். திறந்ததும் மொதல்ல என் மூக்குக்கு நீட்டுவார். 'மேனேஜர் சார், கப்பல் வந்தாச்சு'ம்பார். ஒவ்வொரு டப்பாவுக்கும் அதே பேச்சு."

"அவரும் பிடிப்பாரா?"

"நான் பழக்கினது. எதிர் நாற்காலியில உட்காருவார். பெரிசா எதுவும் பேசமாட்டோம். ரெண்டு பேரும் பிடிப்போம், இருட்டினதும் எந்திரிச்சுப் போவார்."

"ஒரே டப்பாவா?"

"ஒரே டப்பாதான்."

சாமி பாதி தின்ற பேரிக்காயைக் கையிலேயே வைத்திருந்தார். அர்த்தநாரி தானாகவே பேசினார்.

"வாங்கி அடுக்கினப்புறம் ராத்திரி படுத்துக்கிட்டு ஒரு மனக்கணக்குப் போட்டேன் சாமி. ஒருத்தர் பிடிச்சா என் காலத்துக்கு வரும். ரெண்டு பேர் பிடிச்சா வராது. அவ்வளவுதான் கணக்கு. மறுநாள் அவர் வந்தார். டாக்டர் என்னைப் பைப் தொடக்கூடாதுன்னுட்டார் கம்பவுண்டரேன்னு சொல்லிட்டேன்."

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டரைப் பார்த்தே ரொம்ப நாளாச்சு."

"கம்பவுண்டர் என்ன சொன்னார்?"

"ஆயுசு பூரா டாக்டர் பேச்சைக் கேட்டு மருந்து கலந்த மனுஷன். ஒரு வார்த்தை திருப்பிக் கேக்கலை. பாக்கெட்லேர்ந்து பைப்பை எடுத்தவர் அப்படியே உள்ள வெச்சுட்டார். 'அப்ப நானும் விட்டுடறேன். நான் பிடிச்சா உங்களுக்கு நாக்கு ஊறும்'னார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம், 'என்னைப் பார்த்தாலே உங்களுக்கு அந்த ஞாபகம்தான் வரும், கொஞ்ச நாளைக்கு நான் இந்தப் பக்கம் வரலை'ன்னு எந்திரிச்சார்."

"அப்புறம்?"

"வரலை. சாயந்திரம் ரோட்டுல நடந்து போவார். கேட்டுக்கிட்ட வந்ததும் நடை மெதுவாகும். நான் ஜன்னலையெல்லாம் சாத்திட்டு உள்ள பிடிச்சுட்டிருப்பேன். புகை வெளிய போனா தெரிஞ்சுடுமே. செருப்புச் சத்தம் நிக்கும். ஒரு இருமல் கேக்கும். மறுபடி செருப்புச் சத்தம்."

"இந்தப் பேரிக்காய்?"

அர்த்தநாரி தலையைக் குனிந்துகொண்டார்.

"பால்காரர்கிட்ட சொல்லி அனுப்பியிருந்தார். பைப் ஞாபகம் வந்தா கடிச்சுக்கச் சொல்லி."

சாமி கையிலிருந்த பேரிக்காயைப் பார்த்தார். அதைப் பைக்குப் பக்கத்தில் வைத்தார். சுனையில் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"பைப் கொண்டு வந்திருக்கீங்களா?"

"இருக்கு."

"அடைச்சுக் கொடுங்க. நான் பிடிக்கிறேன்."

"சாமி, நீங்களா?"

"ஏன், உங்க கணக்குல குறைஞ்சுடுமா?"

அர்த்தநாரிக்குக் காது மடல் சூடானது. பைப்பை எடுத்துப் புகையிலையை விரலால் உதிர்த்து, கீழே இளக்கமாகவும் மேலே கொஞ்சம் இறுக்கமாகவும் அடைத்தார். நாலு இழை மண்ணில் விழுந்தது. குனிந்து அதையும் பொறுக்கி உள்ளே வைத்தார். சாமி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எப்படி உட்காருவீங்க ரெண்டு பேரும்?"

"இப்படித்தான். எதிரும் புதிருமா."

"சரி, உட்காருங்க."

சாமி பைப்பை வாயில் வைத்தார். தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினார் அர்த்தநாரி. முதல் இழுப்பிலேயே சாமிக்குப் புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலையில் தட்டிக்கொண்டார். இரண்டாம் இழுப்பு பரவாயில்லை. மூன்றாவதில் புகை மெதுவாக வெளியே வந்து, இருவருக்கும் நடுவில் கொஞ்சம் நின்று, அர்த்தநாரியின் பக்கம் திரும்பியது.

அர்த்தநாரி ஏதோ சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நிறுத்தினார்.

காய்ந்த அத்திப்பழம். பழைய மரப்பெட்டி. அதற்குப் பின்னால், எப்போதும் வருகிற அந்த லேசான இனிப்பு.

"இதேதான்!" அர்த்தநாரி பாதி எழுந்துவிட்டார். "சாமி, இதேதான்! எங்க போச்சுன்னு தேடினேனே, இதேதான் அந்த வாசனை!"

"அப்படியா?" சாமி பைப்பை வாயிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே. நாக்குதான் எரியுது."

அர்த்தநாரி எழுந்த நிலையிலேயே நின்றார். பிறகு உட்கார்ந்தார். புகை வந்துகொண்டே இருந்தது. சாமி இழுக்காமல் கையில் வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அது தானாக அணைந்தது. வாசனையும் சுனைப் பக்கம் போய்விட்டது.

மேகம் இறங்கிக் காபிச் செடிகளை மூடியது. கீழே எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவு திரும்பியது.

"எத்தனை வருஷமா அவர் புகையில வந்த வாசனையை நான்," என்று ஆரம்பித்தார் அர்த்தநாரி. முடிக்கவில்லை.

சாமி பைப்பைக் கல்லில் தட்டிச் சாம்பலை உதிர்த்தார். அதைத் துடைத்து அர்த்தநாரியின் கையில் கொடுத்தார். டப்பாவை மூடிக் கொடுத்தார். பேரிக்காய்ப் பையையும் எடுத்துக் கொடுத்தார்.

"இது உங்களுக்குக் கொண்டு வந்தது சாமி."

"இது எனக்குக் கொடுத்தது இல்லை. தெரியாம ஒண்ணைக் கடிச்சுட்டேன். கம்பவுண்டர்கிட்ட சொல்லிடுங்க."

"அவர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? இத்தனை நாளா ஜன்னலைச் சாத்திக்கிட்டு..."

"இன்னைக்குச் சாத்தாதீங்க."

அர்த்தநாரி தலையசைத்தார். கும்பிட்டுவிட்டு நடந்தார். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. இப்போது இறங்கினால் அருமைநாயகம் ரோட்டுக்கு வருகிற நேரத்துக்குப் போய்விடலாம். ஒற்றையடிப் பாதையின் முதல் திருப்பம் வரைக்கும் போனவர் நின்றார். திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது.

"என்ன மேனேஜரய்யா?"

"அவர் மறுபடி வந்தார்னா..." டப்பாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "ரெண்டு பேருமா பிடிச்சா சீக்கிரம் தீந்துடும் சாமி."

"தீந்துடும்."

"உலகத்துல வேற எங்கேயும் கிடைக்காது."

"கிடைக்காது."

"தீந்துபோற அன்னைக்கு நான் என்ன சாமி பண்றது?"

சாமி சுனையில் வாய் கொப்பளித்துத் துப்பினார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எதிர்ல உட்கார்ந்திருப்பார்ல? அவர்கிட்ட, தீந்துபோச்சுன்னு சொல்லுங்க."