சூடம் அணைக்காத மடைக்காரன்

நம் பாட்டன்மார் பிறப்பதற்கு வெகு முன்னால், ஏரிக்குடி நாட்டை இரணசிங்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. காலையில் மனசில் ஒன்று தோன்றும், மாலைக்குள் அது சட்டமாகிவிடும், அவ்வளவுதான்.

அப்படி வந்த சட்டங்களில் ஒன்று இது: அரசாங்க வேலைக்கு வருகிறவன் எவனாயிருந்தாலும், பெரிய கோயில் மூலவர் முன் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்த பிறகே வேலையில் சேர வேண்டும். ராஜாவின் காதில் இதைப் போட்டவர் தாண்டவராயர். கோயிலுக்கும் அரண்மனை நெற்களஞ்சியத்துக்கும் அவர்தான் அதிகாரி.

ராஜ ஏரியின் மடையைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் மடைக்காரர்கள் எல்லாரும் ஒழுங்காகச் சூடம் அணைத்தவர்கள்தான். ஆனாலும் தண்ணீர் மேல்மடை வயல்களோடு நின்றுவிடும். கடைமடையில் நாற்று காய்ந்துகொண்டிருந்தது. ஆகவே அமைச்சர் ஆதிமூலம் வெளியூரிலிருந்து காரி என்பவனை மடை வேலைக்குக் கூட்டிவந்தார். சண்டைபோட்ட இரண்டு ஊர்களுக்குத் தண்ணீர் பிரித்துக்கொடுத்துவிட்டு, இரண்டு ஊரிலும் விருந்து சாப்பிட்டவன் என்று அவனுக்குப் பெயர். அந்த வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தர நினைத்திருந்த தாண்டவராயருக்கு இது பிடிக்கவில்லை.

காரி சபைக்கு வந்தான். சத்தியம் என்றதும் தலையைச் சொறிந்தான்.

“எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை, மகாராஜா. இருக்கிறதாகச் சொல்லி வேலையில் சேர்ந்தால், முதல் நாளே பொய்யோடு சேர்ந்தாற்போல ஆகிவிடும்.”

தாண்டவராயர் எழுந்தார். “கேட்டீர்களா மகாராஜா? பயமே இல்லாதவன் கையில் மடையைக் கொடுக்கச் சொல்கிறார் நம் அமைச்சர்.”

“பயம் இருக்குதுங்க ஐயா,” என்றான் காரி. “தண்ணீர் வராவிட்டால் கடைமடைக்காரர்கள் வரப்பில் வந்து நின்று என்னைப் பார்ப்பார்களே, அந்தப் பயம்.”

“அந்தப் பயம் எத்தனை நாள் நிற்கும்? மூலவர் முன் செய்த சத்தியம்தான் மனிதன் கையைக் கட்டும். அது இல்லாத கை திருடும்.”

ராஜாவுக்கு இந்தப் பேச்சு பிடித்துவிட்டது. “காரி நாளையே நாட்டைவிட்டுப் போகட்டும்,” என்றான்.

அமைச்சர் எதிர்த்துப் பேசவில்லை. “நாளை மாலையில் போகட்டும், மகாராஜா. சட்டி பானை கட்டவேண்டாமா? தாண்டவராயரே, ஒரு சந்தேகம். மூலவர் அங்கே இருப்பதால்தான் கை கட்டுப்பட்டிருக்கிறது, அப்படித்தானே?”

“அப்படியேதான். உமக்கு இப்போதாவது புரிந்ததே.”

மறுநாள் காலை கோயிலில் பாலாலயம். கும்பாபிஷேகத் திருப்பணி முடியும்வரை மூலவரின் சக்தியைக் கலசத்தில் இறக்கி, வேறு கொட்டகையில் வைத்துப் பூஜை செய்வார்கள். கர்ப்பகிருகம் மூடியே கிடக்கும். அதுவரை அந்த ஊரில் யாரும் சத்தியம் செய்வதில்லை, செய்தாலும் செல்லாது. அந்தச் சடங்கைத் தாண்டவராயரே முன்நின்று நடத்தினார். பிறகு பட்டு அங்கவஸ்திரத்தோடு களஞ்சியத்துக்குப் போனார். அன்றாட அரிசி வாங்க ஏழைகள் வரிசையில் நின்றிருந்தார்கள்.

வாசலில் காவலன் மறித்தான். “ஐயா, சாவியைக் கொடுத்துவிடுங்கள். மடியையும் கொஞ்சம் அவிழ்த்துக் காட்டுங்கள்.”

“யாரிடம் பேசுகிறாய் தெரியுமா?”

“தெரியும் ஐயா. அமைச்சர் உத்தரவு.”

வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். தாண்டவராயர் நேரே சபைக்கு ஓடினார். “மகாராஜா, அமைச்சர் என்னைத் திருடனாக்கிவிட்டார்.”

“நான் ஆக்கவில்லை,” என்றார் ஆதிமூலம். “நேற்று நீர் சொன்னதைத்தான் செய்தேன். மூலவர் இப்போது கர்ப்பகிருகத்தில் இல்லை. உம்முடைய கைக்கட்டு அவிழ்ந்துவிட்டது. கும்பாபிஷேகம்வரை வீட்டில் இரும்.”

“சாமி எங்கும் இருக்கிறார்.”

“அப்படியானால் மடையிலும் இருப்பார். காரியை அவரே பார்த்துக்கொள்வார். அவனை ஏன் விரட்டுகிறோம்?”

தாண்டவராயருக்கு முகம் சிவந்தது. “மூலவர் இடம் மாறினால் நான் திருடிவிடுவேனா? என்னை நம்பி ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். நாளைக்கும் அவர்கள் முகத்தில் நான் விழிக்கவேண்டும். படி அரிசியில் ஒரு பிடி குறைக்கமாட்டேன்.”

ராஜா மோவாயைத் தடவினான். “இதை எங்கேயோ கேட்டாற்போல் இருக்கிறதே.”

“நேற்று, இதே இடத்தில்,” என்றார் அமைச்சர். “வரப்பில் நின்று பார்ப்பார்கள் என்றானே அவன்.”

தாண்டவராயர் உட்கார்ந்துவிட்டார்.

“ஆதிமூலம், நீர் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். நீரா இப்படிப் பேசுகிறீர்?” என்றான் ராஜா.

“நான் கும்பிடுவது என் வீட்டுக் காரியம், மகாராஜா. மடை ஊர்க் காரியம். அந்த மடைக்குக் கீழே பல சாமிகளைக் கும்பிடுகிறவர்கள் பயிர் வைத்திருக்கிறார்கள். ஒன்றையும் கும்பிடாதவர்களும் வைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் பொதுவாக இருப்பது தண்ணீர் ஒன்றுதான்.”

மாலைக்குள் புதுச் சட்டம் வந்தது. காரிக்கு மடையும் ஒரு ஜோடி உழவுமாடும் கிடைத்தன. தாண்டவராயருக்குச் சாவி திரும்பக் கிடைத்தது, அதோடு ஒரு கூடுதல் வேலையும். இனி வேலைக்கு வருகிறவன், அந்த வேலையை நம்பியிருக்கும் ஜனங்களை எதிரே நிறுத்தி, அவர் கோபத்தில் சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்லவேண்டும். அவர்தான் சொல்லிக்கொடுக்கவேண்டும். கோயிலுக்குப் போகிறவன் போகலாம், அது அவன் இஷ்டம்.

முதலில் தாண்டவராயருக்கு வெட்கமாக இருந்தது. போகப்போக, வார்த்தைகள் தன்னுடையவை என்பதால், ஒரு சொல் மாறினாலும் அவருக்குப் பொறுக்காது. கடைமடையில் கதிர் முற்றிய சமயம் அவர் மைத்துனனே களஞ்சியத்தில் அளவுக்காரன் வேலைக்கு வந்தான். அரிசி வாங்குகிற ஜனங்கள் எதிரே நின்றார்கள். அவன் வாயைத் திறந்தான், அவர்களைப் பார்த்தான், மூடிக்கொண்டான்.

“சூடமே தேவலை, அத்தான்,” என்றான் மெதுவாக. “அது இப்படி முறைத்துப் பார்க்காது.”

“முதலிலிருந்து சொல்லு,” என்றார் தாண்டவராயர்.