முதலில் எந்தப் பூட்டு

துரைப்பாண்டி எழுதிய நிரல் மறுபடியும் உறைந்து நின்றது. மூச்சுக் கருவிக்குள் போக வேண்டிய நிரல். சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் அவர் பகுதியைத் தூக்கிக் கடாசிவிடுவார்கள்.

விறுவிறுவென்று குருவிடம் போனார். குரு அங்கயற்கண்ணி அவரைவிட வயதில் சின்னவர்.

"பூட்டெல்லாம் ஒழுங்காத்தான் போட்டிருக்கேன் மேடம். அப்புறம் ஏன் நிக்குது?"

கருவிக்குள் வேலைகளை ஓட்டும் சில்லுகளாக இரண்டு செயலிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் வேலைகள் வரிசையில் காத்திருக்கும். வரிசைக்கு ஒரு பூட்டு. பூட்டைப் பிடித்தவர்தான் அந்த வரிசையைத் தொடலாம். இங்கிருந்து அங்கே ஒரு வேலையை மாற்ற இரண்டு பூட்டும் வேண்டும். துரைப்பாண்டி வைத்த சட்டம்: முதலில் உன்னுடையதைப் பிடி, பிறகு அடுத்தவனுடையதைப் பிடி.

மேசை மேல் ஒன்று, இரண்டு என்று எண் எழுதிய சோதனை போர்டுகள் கிடந்தன. குரு ஒன்றாவதை அவரிடம் கொடுத்தார். இரண்டாவதைத் தான் எடுத்துக்கொண்டார்.

"ரெண்டையும் சேர்த்தாத்தான் காரணத்தைக் காட்ட முடியும் அண்ணே. உங்களுதைக் கொடுங்க."

"நீங்க கொடுங்க, நான் சேர்க்கிறேன்."

குரு கொடுக்கவில்லை. அவரும் விடவில்லை. பிடிவாதத்தில் அவர் யாருக்கும் இளைத்தவரா என்ன? ஐந்து நிமிஷத்தில் திருப்பித் தருவதாகப் பேரம் பேசிப் பார்த்தார், முறைத்தும் பார்த்தார். குரு அதே பேரத்தை அவரிடமே பேசினார். டீ ஆறிப்போனது. சட்டென்று துரைப்பாண்டிக்கு முகம் மாறியது. தன் நிரலும் இப்படித்தான் நிற்கிறது.

"சரி, யார் முதல்ல விடணும்?"

குரு தன் போர்டைக் கீழே வைத்தார். "ரெண்டு என் கையில இருக்கு. அதனால நான்."

துரைப்பாண்டி அதை எடுத்துச் சேர்த்தார். பூட்டுகளுக்கும் இனி இப்படி எண் உண்டு; யாராக இருந்தாலும் ஒன்றைப் பிடித்த பிறகுதான் இரண்டு. இரண்டு மட்டும் கையில் இருந்தால் அதை விட்டுவிட்டு ஒன்றிலிருந்து வர வேண்டும். தன் சொந்தப் பூட்டையே விட வேண்டுமா என்று முணுமுணுத்துக்கொண்டே போய் நிரலை மாற்றினார்.

உறையவில்லை. ஆனாலும் பொழுது சாய்வதற்குள் கோபமாகத் திரும்பி வந்தார்.

"நீங்க சொன்னபடி கையில இருந்ததை விட்டுட்டு முதல்ல இருந்து பிடிச்சேன். அந்த இடைவெளியில, நான் மாத்த நினைச்ச வேலையை அடுத்த செயலி தூக்கிட்டுப் போயிடுச்சு."

"போன இடத்துல ஓடுதா?"

"ஓடுது."

"மூச்சு வருதா?"

"வருது."

"அப்ப எதைப் பறிகொடுத்தீங்க அண்ணே?"