சந்தனம் பூசிய கை

நாட்டின் பெயரே மறந்துபோகும் அளவுக்கு முந்தைய ஒரு காலம். அந்நாட்டு அரசவையில் எவரும் எழுதிவைக்காத, எவரும் மீறாத விதி ஒன்று இருந்தது: மன்னர் யாரையும் அடிப்பதில்லை, மன்னரின் கைதான் அடிக்கும். சினத்தில் அவர் ஒருவனை அறைந்துவிட்டால், அரண்மனை வைத்தியர் ஓடிவந்து அந்தக் கைக்குச் சந்தனம் பூசி, "அமைதி கொள்க, திருக்கையே" என்று வேண்டுவார். அறை வாங்கியவனின் கன்னத்தை யாரும் பார்ப்பதில்லை.

ஒருநாள் காலை, குதிரைக்காரன் முத்தாண்டி சேணத்தைத் தாமதமாகக் கொண்டுவந்தான். ஒரே அறையில் அவனுடைய பல் உடைந்தது. வழக்கம்போல் சந்தனம் வந்தது.

சந்தனம் காய்வதற்குள் இன்னொன்று நடந்தது. அரியணைக்குப் பின்னால் கவரி வீசிக்கொண்டிருந்த உமையாளின் வலக்கை திடீரென வெட்டி இழுத்தது. இடக்கையால் அதைப் பற்றி அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கவரிக் காம்பு பட்டு மணிமுடி தரையில் உருண்டது.

"குற்றம் செய்த கையை வெட்டுங்கள்!" என்றார் மன்னர்.

"தானா இழுத்துக்கிச்சு, மகாராசா! புடிச்சுப் பாத்தேன், நிக்கலையே! கை போனா எனக்குப் பொழைப்பு ஏது?" என்று உமையாள் கதறினாள்.

விகடகவி சொக்கப்பன் அவளுக்காகப் பரிந்து பேசினான். அவன் மீது நெடுநாள் பொறாமை கொண்டிருந்த அமைச்சர் அனந்தநாயகர் உடனே எழுந்தார். "இவ்வளவு இரக்கமுள்ளவனே தண்டனையை நிறைவேற்றட்டும், வேந்தே. மறுத்தால் இவன் தலையை எடுத்துவிடலாம்." மன்னர் தலையசைத்தார்.

சொக்கப்பன் வாளை வாங்கிக்கொண்டான். "குற்றம் செய்த கையை வெட்ட வேண்டும். அவ்வளவுதானே, மன்னா?"

"அவ்வளவுதான்."

அவன் உமையாளைக் கடந்து, நேரே அரியணைப் படிகளில் ஏறினான். "வைத்தியரே, அந்தச் சந்தனத்தைக் கொஞ்சம் துடைத்துவிடும். வாள் வழுக்கும்."

"ஓய்! பித்துப் பிடித்துவிட்டதா உமக்கு?" என்று அலறினார் அமைச்சர்.

"காலையில் முத்தாண்டியின் பல்லை உடைத்தது எது, அமைச்சரே?"

"மன்னரின் கை" என்றார் அவர், பழக்க தோஷத்தில்.

"ஆக, இந்தக் கைதான் முந்திக்கொண்டது. வரிசையில் முதலில் நிற்பதும் இதுதான். இல்லை, கை அடிக்கவில்லை என்றால் வேறு யார் அடித்தார் என்று நீரே சொல்லிவிடும்."

அமைச்சரின் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. அதைப் பார்த்து மன்னர் தம்மை மறந்து சிரித்துவிட்டார்.

சொக்கப்பன் சிரிக்கவில்லை. வாளைத் தாழ்த்தினான். "மன்னா, உமையாள் தன் கையைத் தடுக்கப் பார்த்தாள், அது கேட்கவில்லை. தங்கள் கையை யாராவது தடுக்கப் பார்த்தார்களா? தாங்களாவது?"

மன்னரின் சிரிப்பு நின்றது. நெடுநேரம் தம் விரல்களை மடக்கி, நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள்வளையைக் கழற்றிச் சொக்கப்பனிடம் கொடுத்தார். உமையாளுக்கு மருந்து கொடுக்குமாறு வைத்தியரை அனுப்பினார். படியிறங்கிச் சென்று, வீங்கிய கன்னத்தோடு வாசலருகே நின்ற குதிரைக்காரனின் முன் நின்றார்.

"முத்தாண்டி, உன்னை நான் அடித்தேன்."