எர்த்தைக் கழட்டினவர்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உக்காருங்க. கெட்டிக்காரர் ஒருத்தரோட கதை இது, கத்திச் சொல்ற கதை இல்ல.

கடற்கரை ஊர் ஒண்ணுல மாதா கோயில் திருவிழா. மைக் செட் ரெஜினாவோடது. முப்பது வயசுதான், ஆனா அவ காதுக்கு எதுவும் தப்பாது. அவகிட்ட சவுண்டு வேலை கத்துக்கிட்டிருந்தவர் சூசைமரியான். லைன்மேனா இருந்து ஓய்வு வாங்கினவர். அவ அவரை "அண்ணாச்சி"ம்பா. அவர் அவளை "டீச்சர்"ம்பார்.

அன்னிக்குப் பாடப்போறது அவர் மகள் மெர்லின். முதல் மேடை.

மேடையில மைக்கெல்லாம் வந்து சேர்ற மிக்சர் கோயில் கரண்டுல ஓடுது. ஆம்ப்ளிஃபயர் மைதானத்துக்கு அந்தப் பக்கம், ஜெனரேட்டர்ல. நடுவுல நீளமா ஒரு ஒயர். போட்டதும் ஸ்பீக்கரெல்லாம் 'ம்ம்ம்'னு முனக ஆரம்பிச்சிருச்சு.

"அந்தப் பக்கம் ஒரு எர்த், இந்தப் பக்கம் ஒரு எர்த். ரெண்டுக்கும் நடுவுல ஓடுற கரண்டுதான் முனகுது," ரெஜினா ஒரு சின்ன டப்பாவை நீட்டினா. "டிரான்ஸ்பார்மர். ஒயருக்கு நடுவுல மாட்டுங்க அண்ணாச்சி."

"உள்ள என்ன டீச்சர்?"

"ரெண்டு கம்பிச்சுருள். ஒண்ணை ஒண்ணு தொடாது."

"தொடாட்டா பாட்டு எப்படிப் போவும்?"

"காந்தத்துல தாண்டிப் போவும்."

"தாண்டுறப்ப குறையாதா? ஒரே கம்பியில நேராப் போறதுதான சுத்தம்?"

அதுக்குள்ள ஜெனரேட்டர்கிட்ட இருந்து ஆள் கூப்பிட்டாங்க. அவ போயிட்டா.

திரும்பி வந்தா முனகல் இல்ல. டப்பா மேசைமேலயே கெடக்கு. கமிட்டிக்காரர் ஒருத்தர் சூசைமரியான் முதுகைத் தட்டி, "லைன்மேன்னா லைன்மேன்தான்!"ங்கார்.

"என்ன செஞ்சீங்க அண்ணாச்சி?"

"சத்தமும் போச்சு, பாட்டும் குறையாது. டப்பாவை நீங்களே வச்சுக்கோங்க."

ரெஜினா மிக்சரோட பிளக்கைப் பாத்தா. எர்த் ஒயரைக் கழட்டி விட்டிருந்தார்.

மத்தியானம் பெஞ்ச மழையில மேடை நனைஞ்சு கெடந்துச்சு. செருப்பைக் கழட்டி ஓரமா விட்டா. வெறுங்காலோட போய் மைக்குக்குக் கை நீட்டினா.

"டீச்சர், தொடாதீங்க!"

கை நின்னுச்சு. "ஏன் அண்ணாச்சி?"

"தரை ஈரம்லா. எர்த்தும் இல்ல. மிக்சர்க்குள்ள கரண்ட் கசிஞ்சா மைக்குக்கு வந்துரும்."

"இப்பக் கசியுதா?"

"இப்ப இல்ல. எப்பக் கசியும்னு யாரு கண்டா?"

"அப்ப மெர்லினைக் கூப்பிடவா?"

மனுசன் பாய்ஞ்சு போய் ஸ்குரூ டிரைவரை எடுத்து எர்த்தைத் திரும்ப மாட்டினார். முனகல் வந்துச்சு. டப்பாவை ஒயருக்கு நடுவுல சேர்த்தார். நின்னுருச்சு.

ஆனாலும் விட மனசு வரல. "பாட்டு குறைஞ்சிருச்சுன்னா டீச்சர்?"

"குறைஞ்சா, பாடி முடிச்சிட்டு மெர்லின் வந்து என்கிட்ட சண்டை போடட்டும் அண்ணாச்சி."



மெர்லின் மேடையேறி வந்து மைக்குக்குக் கை நீட்டினா. "இரும்மா"ன்னார். செருப்பைக் கழட்டிட்டு, ஈரத்துல நல்லா ஊன்றி நின்னு, தானே முதல்ல மைக்கைப் பிடிச்சார்.