குழாயைப் பிடித்த கை

"ஒத்தக் கிட்னிக்காரனுக்குப் பயம் மட்டும் ஆகாதுப்பா. ரத்தம் ஒரு குதி குதிச்சா உள்ள இருக்கிற சல்லடை கிழிஞ்சிரும்."

மருத்துவமனை டீக்கடையில் யாரோ யாரிடமோ சொன்னது. தங்கை ஆவுடையம்மாளுக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கச் சம்மதித்திருந்த சங்கரபாண்டியனின் காதில் அது விழுந்து தொலைத்தது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பல்லி விழுந்தாலே நெஞ்சு படபடக்கிற மனிதர். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நாளை இரண்டு முறை தள்ளிவைத்துவிட்டார்.

கடைசியில் மலையடிவாரத்து மூலிகைக் குடிலுக்குப் போனார். அங்கிருந்த தவமணி அம்மை அவருடைய குரு. அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். மருத்துவம் படித்துவிட்டுத் துறவு பூண்டவர்.

"அம்மா, எனக்குப் பயம் வந்தா மிச்சமிருக்கிற ஒண்ணும் போயிருமா?"

"இந்தக் குழாயைப் பிடியுங்க ஐயா. துளசி இப்பத்தான் முளைச்சிருக்கு. தண்ணி வேகத்துல ஒரு நாத்தும் சாயக் கூடாது, காயவும் கூடாது."

அம்மை தொட்டியடிக்குப் போய் வால்வைத் திறந்தார். ரப்பர் குழாயில் தண்ணீர் சீராக வந்தது. திடீரென்று குழாய் பாம்புபோலத் துள்ளியது. சங்கரபாண்டியனுக்கு உயிர் போய் வந்தது. அடுத்த நிமிடம் தண்ணீர் மெலிந்தது. மறுபடி துள்ளியது. அவர் முகம் வெளிறிக்கொண்டே போனது.

அம்மை திரும்பி வந்தபோது நாற்றுகள் நனைந்து, நின்றபடி நின்றன.

"பயந்தீங்களா?"

"பயப்படாம? வால்வைத் திருகித் திருகி என்னம்மா விளையாட்டு இது?"

"இடது கை என்ன செய்யுது, பாருங்க."

பார்த்தார். குழாயின் நடுப்பகுதி அவர் விரல்களுக்கிடையே நசுங்கியிருந்தது.

"நான் வேணும்னு இறுக்கலையே."

"கிட்னிச் சல்லடை வாசல்ல இருக்கிற ரத்தக்குழாயும் உங்களைக் கேட்காது. ரத்தம் வேகமாத் தள்ளினா உங்க கை மாதிரி தானா இறுகும். குறைஞ்சா தானா தளரும். சல்லடைக்குப் போறது ஒரே அளவாப் போய்க்கிட்டே இருக்கும்."

"எவ்வளவு தள்ளினாலுமா?"

"இல்லை. எல்லை உண்டு. வருஷக்கணக்கா ரத்த அழுத்தம் இறங்காம நின்னா தாங்காது. உங்களுக்கு அது இருக்கான்னுதான் டாக்டருங்க ரெண்டு மாசமாப் பார்த்தாங்க. இல்லைன்னுதானே சொன்னாங்க."

அவர் குழாயைக் கீழே வைத்தார்.

"ஆனா பயம் போகலையே அம்மா."

"பயந்த கைதானே ஐயா நாத்தைக் காப்பாத்துச்சு."

சங்கரபாண்டியன் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தங்கையின் எண்ணை அழுத்தினார். விரல் இரண்டு தடவை தவறியது. மூன்றாம் தடவை மணி அடித்தது.

"ஆவுட, நாளைக்குக் கையெழுத்துப் போட வாரேன்" என்றார்.